போருக்குள் ஒரு பிணம்!

"டாக்டர்ர்ர்! போருக்குள்ள ஒருத்தன் செத்துக் கெடக்கான்! நாந்தான் குத்திட்டேன்!"

அலறிக்கொண்டே அறைக்குள் பாய்ந்தான் சேவுகன்.

டாக்டர் ஆத்மநாதன் பதறவில்லை. மெட்ராஸ்காரர். மாஜி ராணுவத்தாரின் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கத் திருவரங்குளம் பள்ளிக்கூடத்தில் மாதாந்திர முகாம் போட்டிருந்தார். இன்றுதான் முதல் நாள்!

வருஷம் 1950. பர்மா சண்டை முடிந்து ஐந்து வருஷம் ஆகிறது. சேவுகனுக்கு மட்டும் முடியவில்லை! பலத்த சத்தம் கேட்டால் தரையில் விழுவான். போன மாதத்திலிருந்து, விடிகிற நேரத்தில் கொல்லைப்பக்கம் குண்டு வெடிக்கிறது என்கிறான். தனித்த வீடு. மனைவி அழகி அந்நேரம் தண்ணீருக்குப் போயிருப்பாள். யார் நம்புவது?

சித்தப்பா மகன் ஆண்டிச்சாமி மனுவே போட்டுவிட்டான். 'அண்ணனுக்குப் பைத்தியம். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சண்டைக்குப் போனதற்காக சர்க்கார் கொடுத்த நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அடடா, என்ன பாசம்!

இன்று டாக்டர் சொல்வதுதான் முடிவு. வீடா... மெட்ராஸா?

"உக்காருங்க சேவுகன். போர்ல யாரைக் குத்தினீங்க? ஜப்பான்காரனையா?"

"ஜப்பான்காரன் திருவரங்குளத்துக்கு எதுக்குங்க வாரான்? மூஞ்சி தெரியலைங்க. ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு!"

"எப்போ?"

"இன்னைக்குக் காலையிலங்க!"

சரிதான், முற்றிவிட்டது!

"துப்பாக்கியாலயா?"

"கவைக்கம்பாலங்க. மாட்டுக்கு எதுக்குங்க துப்பாக்கி?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். 'மெட்ராஸ்' என்று எழுதத் தொடங்கினார்.

டமால்!

கதவு அடித்துத் திறந்தது. சேவுகன் தரையோடு தரையாக விழுந்தான். டாக்டரின் பேனா எகிறிப்போய் மூலையில் விழுந்தது.

வாசலில் மூச்சிரைக்க அழகி!

"ஏங்க! போருக்குள்ள அவன் சாகலைங்க, மொனகுறான்!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்டாட்டிக்கும் ஒட்டிக்கொண்டதா!

"அம்மா... நீங்களும் போருக்குப் போனீங்களா?"

"தெனமும் போறேனுங்க! காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்!"

"எதுக்கு?!"

"வைக்கல் புடுங்கத்தான்!"

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வை... வைக்கோல் போரா?!"

"பெறகு? பர்மாவுல நடந்ததுக்குப் பேரு சண்டைங்க!"

ஜீப் பறந்தது!

வைக்கோல் போர் பாதி சரிந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த செவந்தி விளக்குமாற்றோடு காவல் நின்றாள். வைக்கோலுக்கு வெளியே இரண்டு கால்கள்! டாக்டர் ஒன்றைப் பிடித்தார். சேவுகன் மற்றதைப் பிடித்தான்.

இழு... இழு...

வந்து விழுந்தவன் ஆண்டிச்சாமி! உயிரோடு! பின்பக்கத்தில், வைக்கோல் இழுக்கும் கவைக்கம்பு குத்திய காயம். மடி நிறைய வெங்காய வெடி. கல்லில் எறிந்தாலே வெடிக்கும் சரக்கு!

"அடப்பாவி!" அழகி கத்தினாள். "தெனமும் வெடியப் போட்டுட்டு இதுக்குள்ளதான் ஒளிஞ்சியா?"

"போரு சரிஞ்சு அமுக்கிருச்சு மதினி..." என்று முனகினான் அவன்.

சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப... எனக்குக் கேட்டது நெசந்தானுங்களா டாக்டர்?"

"சத்தமும் நெஜம். உங்க பயமும் நெஜம். மெட்ராஸ் வேண்டாம். மாசாமாசம் முகாமுக்கு வாங்க. மருந்து தரேன். மனசு விட்டுப் பேசுங்க. பென்ஷனுக்கும் எழுதறேன். அது தர்மம் இல்ல, உங்க உரிமை."

அழகி கையெடுத்துக் கும்பிட்டாள். அதுதான் சமயமென்று ஆண்டிச்சாமி நழுவினான். செவந்தியின் விளக்குமாறு காலில் பட்டது. கல் மேல் குப்புற விழுந்தான்... மடியோடு!

டமார்! டமார்!! டமார்!!!

"அய்யோ, என் வயிறு!" என்று துள்ளினான்.

சேவுகன் வைக்கோலுக்குள் பாய்ந்தான். ஆனால்... அவனுக்கு முன்பே அங்கே ஒருவர் குப்புறக் கிடந்தார். காதைப் பொத்தியபடி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு...

டாக்டர்!

"டாக்டர்... நீங்களுமா?"

"இம்பால்ல... ஆர்மி ஆஸ்பத்திரியில இருந்தேன்யா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

சேவுகன் அவர் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டான்.

"அப்ப மாசாமாசம் ரெண்டு பேருமே பேசுவமுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

"போதும்ப்பா! இனிமே போரே வேண்டாம்!"

"அய்யய்யோ!" பதறினாள் அழகி. "அப்பறம் மாடு எதைங்க திங்கும்?"