பதினாலாவது அடி

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி மண்பாதையில் வேனைத் திருப்பும்போதே ஜாஸ்பருக்கு உறக்கத்தில் கண் சொக்கியது. மணி ஆறுகூட ஆகவில்லை. பகல் முழுக்கச் சங்கரன்கோவிலில் விசைத்தறிகளுக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்த உடம்பு அது. இரவில் அது படுப்பதே இல்லை. இப்படியே பதினோரு மாதம் ஓடிவிட்டது.

வீடு வெள்ளத்துரையுடையது. ஜாஸ்பர் பழுது பார்க்கும் தறிகளில் பாதி அவனுடையதுதான். பெற்றோர் போன பிறகு வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டான். ஊருக்கு வெளியே இருக்கிறது, சுற்றிலும் வெளிச்சம் கிடையாது, மாடி கல் மாதிரி நிற்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். சாவி பக்கத்து வீட்டு பாலம்மாளிடம் இருந்தது. வேனிலிருந்து இறங்கிய தொலைநோக்கிக் குழாயையும் பேட்டரிப் பெட்டிகளையும் அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். நட்சத்திரத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும், உங்கள் ஊரில் நட்சத்திரம் தெரியாதா என்று கேட்டாள். வீட்டில் கரண்ட் கிடையாது, படியில் பார்த்துக் கால் வைக்க வேண்டும், விடிந்ததும் காப்பி கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அடித்தது. வௌவால் எச்சமும் பழைய நெல்லும் கலந்த வாடை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏழு தடவை படியேறி இறங்கினான். மாடி சின்னது. படி வாசலிலிருந்து தொலைநோக்கியின் முக்காலியை வைத்த இடத்துக்கு ஒன்பதே காலடிதான். தன் வீட்டு மாடியில் இருந்ததைப் போலவே படிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அது பழக்கம்.

மனைவி விஜிதா அவனிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான். மூன்று வருடமாக மாடியில் கிடக்கிறீர்கள், கூடத்தில் மாட்ட ஒரு படம் உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மிருகசீரிடத்துக்குக் கிழக்கே ரோஜாப்பூ மாதிரி ஒரு நெபுலா, ஒளிரும் மேகம், இருக்கிறது, அதை எடுத்துத் தருகிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்தான். பாதி எடுத்திருந்தபோது அவள் போய்விட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். அதற்குள் படத்தை முடித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒன்றாக அடுக்கினால்தான் படம் துலங்கும். இன்னும் நாற்பது எக்ஸ்போஷர் தேவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். இந்த அமாவாசையை விட்டால் ஞாயிறுக்கு முன் இருட்டு கிடைக்காது. அதை முடித்தால்தான் அவள் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கைடிங் நிற்க மாட்டேன் என்றது. வானம் நகர்கிறது, அதோடு சேர்ந்து தொலைநோக்கியை, அதைத் தாங்கும் மவுன்ட் மெல்லத் திருப்ப வேண்டும். மோட்டார் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் கொஞ்சம் பிசகும். அதனால் ஒரு சின்னக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நொடிக்கு நொடி இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று மவுன்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் அது ஒரு கோடாக ஓடும். கோடு நேராக ஓடினால் நட்சத்திரம் புள்ளியாக விழும். கோடு துள்ளினால் இழுபட்டுப் புழுவாகிவிடும்.

பதினோரு மாதமாகக் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது. கேபிளை மாற்றினான். பெல்ட்டை மாற்றினான். பல்சக்கரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தான். தறிக்குப் போடும் ரப்பரை வெட்டி முக்காலியின் கால்களுக்கு அடியில் கொடுத்தான். காரணம் இல்லாமல் எதுவும் பழுதாகாது என்பதுதான் அவன் தொழில் கற்றுத் தந்தது. தறியின் சட்டத்தில் இரண்டு விரலை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுகிறவனுக்கு இது பிடிபடவில்லை. கடைசியில் வீட்டு மாடியின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டான். இதே கிறுக்குள்ள கோவில்பட்டி பிரின்ஸுக்கு ஒரு வருடத்து லாக் கோப்புகள் எல்லாவற்றையும் காலையிலேயே அனுப்பியிருந்தான். கோடு எந்த இரவில் எந்த நொடியில் எப்படித் துள்ளியது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

பதினொன்றரை மணிக்குத் தொடங்கினான். முதல் படம் வந்தது. இரண்டாவது வந்தது. கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி போனது. மூன்றாவதில் ரோஜாவின் இதழ்கள் மங்கலாகத் தெரிந்தன. மாடிதான் கோளாறு, வேறு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நான்காவது படம் தொடங்கி இருபது நொடி இருக்கும்.

கோடு துள்ளியது.

காற்று இல்லை. கேபிள் எதிலும் சிக்கவில்லை. மூன்று நொடி கழித்து மறுபடி துள்ளியது. இன்னும் மூன்று நொடியில் இன்னொன்று. அலுத்துப்போய்க் குனிந்தவன், தறியில் வைக்கிற மாதிரி முக்காலியின் காலில் இரண்டு விரலை வைத்தான்.

விரல் நுனியில் மெதுவாக ஓர் அதிர்வு வந்தது. தரை வழியாக வந்தது. மோட்டார் அதிர்வு விடாமல் வரும், இது விட்டு விட்டு வந்தது. உடம்புக்கு முடியாத ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் நடுவே நின்று நின்று வந்தது.

எண்ணினான். பதினாலு.

அப்புறம் கோடு நேராகிவிட்டது. அசைவே இல்லை. நான்கு நிமிடம் அப்படியே ஓடியது. எக்ஸ்போஷர் முடிகிற நொடியில் ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது. நட்சத்திரத்தைக் காணவில்லை என்று சிவப்பு எழுத்து மின்னியது.

பனி இறங்கியிருந்தது. பனியின் ஈர வாடைக்குள் இன்னொரு வாடையும் இருந்தது. நீலகிரித் தைலம்.

ஃபோன் அதிர்ந்தது. பிரின்ஸ். பக்கத்தில் பிள்ளை உறங்குகிறதுபோல, குரல் கிசுகிசுத்தது.

"அண்ணாச்சி, லாக் எல்லாம் பாத்துட்டேன். கருவியில ஒரு கோளாறும் இல்ல. உங்க மாடில யாரோ நடக்காவ."

"மாடில யாரும் இல்லலே. வீட்டுலயே யாரும் இல்ல."

"எண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு தடவயும் பதினாலு அடி. அப்புறம் நாலு நிமிசம் ஒரு ஆட்டம் இல்ல. கடைசில டொப்புன்னு ஒண்ணு. இது எங்க ஆரம்பிக்குன்னு பின்னால போய்ப் பாத்தேன். போன வருசம் ஜனவரி பத்தொம்பதாந்தேதி ராத்திரி. அதுக்கு முன்னால ஒரு நாள்கூட இல்ல. அன்னைக்கு என்ன அண்ணாச்சி நடந்துச்சி?"

ஜாஸ்பர் இணைப்பைத் துண்டித்தான்.

அன்றைக்கு நடந்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விஜிதாவுக்குச் சாயங்காலத்திலிருந்தே நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து அவளே தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். இவன் மாடிக்கு வந்துவிட்டான். அன்றைக்கு வானம் நல்ல தெளிவு, கோடும் நேராக ஓடியது. நடுராத்திரியில் படியேறி வந்து அவள் பின்னால் நடக்கும்போது கோடு துள்ளிற்று. திரும்பிக்கூடப் பார்க்காமல் இவன் சொன்னான்.

"ஏட்டி, அசையாத. அங்கனயே நில்லு. நாலு நிமிசம்தான்."

மொட்டை மாடியில் கைடிங் ஓடும்போது யாரும் நடக்கக் கூடாது. நடந்தால் அந்தப் படம் போச்சு. இது அவளுக்கும் தெரியும். மூன்று வருடமாக அவனோடு மாடியில் இருந்து பழகியவள். அதனால் நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கால் மாற்றாமல், நான்கு நிமிடம் நின்றாள். படம் முடியப்போகிற நொடியில் கோடு தூக்கிப் போட்டது.

"நிக்கச் சொன்னா நிக்க மாட்டியா?" என்று இவன் எரிந்து விழுந்தான். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

வலி வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இப்போதுதான், படியேறும்போது விழுந்துவிட்டாள் என்றான். எல்லாரிடமும் அதையேதான் சொன்னான். அந்த நான்கு நிமிடத்தை யாருக்கும் சொல்லவில்லை. ஜெபத்துக்கு வந்த போதகர் கையைப் பிடித்துத் தேற்றியபோதும் சொல்லவில்லை. பதினோரு மாதம் கேபிளையும் பெல்ட்டையும் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு, என்ன கோளாறு என்பது முதல் இரவே தெரிந்திருந்ததோ என்னவோ.

ஐந்தாவது எக்ஸ்போஷர் தானாகத் தொடங்கியது. மென்பொருள் அதன் வேலையைப் பார்த்தது.

இருபது நொடி.

முதல் துள்ளல்.

இந்தத் தடவை விரல் வைக்கத் தேவைப்படவில்லை. நாற்காலியின் கால் வழியாகவே தெரிந்தது. இரண்டு. மூன்று. அப்போதுதான் அவன் மூளையில் அது உறைத்தது. அவன் வீட்டு மாடியில் படி வாசலிலிருந்து அவள் நின்ற இடம் வரை பதினாலு காலடி. அதைத் தாண்டித்தான் இவன் நாற்காலி. இங்கே மொத்தமே ஒன்பது காலடிதான். பதினாலு அடி நடக்க இந்த மாடியில் இடமில்லை.

அப்படியென்றால் முதல் ஐந்தும் கீழே, இருட்டுப் படியில்.

ஆறு. வாசல்.

ஏழு. எட்டு.

தைல வாடை நெருங்கியது.

பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினாலாவது அடி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

கோடு நேராகியது. கழுத்துப் பிடரியில் சில்லென்று இருந்தது, அது பனியாகக்கூட இருக்கலாம். ஜாஸ்பருக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக அயர்ச்சி இருந்தது. இன்னும் நான்கு நிமிடத்தில் அவள் மறுபடி விழுவாள். பதினோரு மாதமாக ஒவ்வோர் இரவும், திரும்பத் திரும்ப அவள் நின்று நின்று விழுந்துகொண்டிருக்கிறாள். அவன் நிற்கச் சொன்னதால் நிற்கிறாள். முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவே இல்லை.

படம் போனால் போகட்டும் என்று இருந்தது. ரோஜாவும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.

"விஜி," என்றான். "முடிஞ்சிட்டுட்டி. போதும். இங்கன வந்து உக்காரு."

எக்ஸ்போஷரை நிறுத்தும் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"அசையாதிய."

காதுக்கு மிக அருகில் கேட்டது. மூச்சு வாங்கும் குரல். கோபம் கொஞ்சமும் இல்லை. களைத்துப்போன குரல்.

"நாலு நிமிசம்தான்."

நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

அவன் அசையவில்லை.

நான்கு நிமிடம் ஆயிற்று. எதுவும் விழவில்லை. ஐந்தாவது படம் முடிந்து ஆறாவது தொடங்கியது. ஆறு முடிந்து ஏழு. கோடு நேராக ஓடியது. அவ்வளவு நேரான கோட்டை அவன் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு படமாகத் திரையில் வந்து விழுந்தது, ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசி குத்திய மாதிரி. கை மரத்தது. கால் மரத்தது. பனி மயிரில் இறங்கிக் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் முகம் தெரியும் என்று நினைத்தான். அந்த இரவு அவள் எப்படி நின்றிருப்பாள், எங்கே பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று முதல் தடவையாக யோசித்தான்.

நாற்பதாவது படம் மூன்று மணிக்குச் சற்று முன்பு முடிந்தது. அதோடு நிற்கச் சொல்லித்தான் மென்பொருளுக்கு அவன் சொல்லி வைத்திருந்தான்.

நாற்பத்தொன்று தொடங்கியது.

ரோஜா மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிற்று. கிழக்கு வெளுத்தது. தூரத்தில் சங்கரன்கோவில் போகும் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வெயில் வந்து அவன் முழங்காலில் விழுந்தது. ஃபோன் நான்கைந்து தடவை அடித்து ஓய்ந்தது.

கீழே கதவைத் தட்டும் சத்தம். பிறகு பாலம்மாள் படியேறும் சத்தம். கையில் காப்பித் தூக்கோடு வாசலில் வந்து நின்றவள், இரண்டு எட்டு உள்ளே வைத்தாள். கனத்த உடம்பு, தரை அதிர்ந்தது. திரையில் கோடு துள்ளவில்லை.

"என்னய்யா, விடிஞ்சி வெயிலு வந்தாச்சி. இன்னமும் என்னத்தப் படம் எடுக்கிய?" அவள் மூக்கைச் சுளித்தாள். "தைலம் தேச்சீயளோ? காய்ச்சலா?"

ஜாஸ்பர் உதட்டை மட்டும் அசைத்தான்.

"நடக்காதிய."

அவள் புரியாமல் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். இந்த வெயிலில் படம் வெள்ளைத்தாளாக வெளுத்திருக்க வேண்டும். திரையில் கன்னங்கரிய வானம் இருந்தது. நடுவில் ரோஜா. படத்தின் எண் எண்பத்தொன்பது. ஒற்றை நட்சத்திரமும் இல்லாத ஆகாயத்துக்குக் கீழே கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

பாலம்மாள் காப்பித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தாள். அவள் பார்வை திரையில் இல்லை. ஜாஸ்பரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அங்கே என்ன பார்க்கிறாள் என்று அவனால் கேட்க முடியவில்லை. கேட்டால் தலை அசையும்.

தொண்ணூறாவது படம் தொடங்கியது.

முடிந்துவிட்டது என்று பின்னாலிருந்து இன்னும் யாரும் சொல்லவில்லை.