மாடிக்குப் போகாத மெக்கானிக்

1989 மே 21, ஞாயிறு காலை 9.10. திண்டிவனத்தில் அற்புதமேரியின் டிவி உயிரை விட்டது.

கண்ணால் கண்ட சாட்சிகள் இருபத்துமூன்று பேர். எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் சுருங்கி வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் போய்விட்டது. சத்தமில்லை, புகையில்லை. அவ்வளவு மரியாதையான சாவை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

பெட்டிக்கு வயது ஒன்றரை. விழுப்புரத்தில் வேங்கடேசன் கடையில் வாங்கியது. கம்பெனி கொடுத்த ஒரு வருடத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கடைக்காரரே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ‘எக்ஸ்ட்ரா கியாரண்டி’ அட்டை கொடுத்திருந்தார். தையல் வேலை செய்யும் அற்புதமேரி அந்த அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் வார்த்தையை நம்பித் தெருவில் இன்னும் ஏழு பேர் அதே கடையில் டிவியும் அட்டையும் வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் கடை மெக்கானிக் துரைக்கண்ணு வந்து பெட்டியைத் தூக்கிப் போனான். அதற்கு மறுவாரம் தபாலில் அவன் ரிப்போர்ட் வந்தது. “மே 22, காலை 11 மணி. மாடியில் ஏறி அரைமணி நேரம் பரிசோதித்தேன். 20ஆம் தேதி ராத்திரி விழுந்த இடியில் ஏரியல் உருகி, அதனால் மறுநாள் பெட்டி கெட்டுவிட்டது. இடிக்குக் கியாரண்டி கிடையாது.”

குழாயடியில் ஏழு பேரும் அற்புதமேரிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

ஜூன் 8, மாலை 4.00. கோர்ட் வாசலில் மனு டைப் அடிக்கும் பாஞ்சாலி, அற்புதமேரியின் புகாரை எழுத அவள் வீட்டுக்கு வந்தாள். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு எழுத்துக்கூடத் தட்டமாட்டாள். பொய்யை அடித்தால் ரிப்பன் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது அவள் அனுபவம். மாடி இருக்கும் வீட்டில் துணியெல்லாம் தெருவில் காய்வதை முதலில் பார்த்தாள்.

“மாடிக்குப் போவாதக்கா,” என்றாள் அற்புதமேரி. “ ஒரு காக்காவால பேஜாரு. சித்திரை கடைசிலேர்ந்து தலை தெரிஞ்சா கொத்துது. வீடு மந்திரிக்க வந்த ஃபாதரையே விடல.”

“அந்த மெக்கானிக்கு மேல போனாரா?”

“நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன். மேல போய்ட்டு வந்தேன்னு அவருதான் சொன்னாரு.”

“திரும்பிப் போம்போது எப்டி இருந்தாரு?”

“ஜம்முனு இருந்தாரு. வழுக்கை கண்ணாடி மாதிரி பளபளன்னு.”

4.10க்குப் பாஞ்சாலி மாடியேறினாள். 4.13க்கு இறங்கினாள். கொண்டை அவிழ்ந்திருந்தது, காதுக்கு மேல் ரத்தம்.

“ஏரியல் உருகிடுச்சாக்கா?”

“நாளைக்கு விழுப்புரத்துல சொல்றேன். அட்டைய எடுத்துக்கினு வா.”

ஜூன் 9, காலை 11.20. கடையில் வேங்கடேசன் எண்ணெய் மினுங்கும் சுருட்டை முடியைச் சீவிக்கொண்டிருந்தார். அந்த முடி மேல் அவருக்குக் கடையை விடப் பிரியம்.

“எத்தினி தடவம்மா சொல்றது? இடிக்கு நான் பொறுப்பா?”

மூலையில் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த துரைக்கண்ணுவிடம் பாஞ்சாலி திரும்பினாள்.

“மாடில எவ்ளோ நேரம் இருந்தீங்க?”

“அரைமணி நேரம்.”

“தலைல துண்டு, தொப்பி?”

“அதெல்லாம் எதுக்கு?”

“வேற யாருனா இருந்தாங்களா?”

“ஈ காக்கா இல்லீங்க.”

அற்புதமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாஞ்சாலி சிரிக்கவில்லை. காதோரத்து முடியை ஒதுக்கிக் காயத்தைக் காட்டினாள்.

“மூணு நிமிசத்துக்கு எனக்கு இது. அரைமணி நேரம் நின்ன உங்க வழுக்கைல ஒரு கீறல் இல்லாம இறங்கியிருக்கீங்க. நீங்க ஏறவே இல்ல. காக்கா ஏன் கொத்துதுன்னும் யாரும் பாக்கல. அதோட கூடு அந்த ஏரியல் மேலதான் இருக்குது. உள்ள மூணு குஞ்சு, பொரிச்சி நாலஞ்சி நாள்தான் இருக்கும். இடி விழுந்ததா நீங்க சொல்ற ராத்திரி அதுங்க முட்டை. கம்பி உருகுற சூட்டுல முட்டை அவிஞ்சிருக்கணும். குஞ்சு வாயைத் தொறந்துக்கினு கத்துது.”

துரைக்கண்ணு வேங்கடேசனிடம் திரும்பினான். “மொதலாளி, நான் கெளம்பறதுக்கு முன்னாடியே நீங்கதான எழுதிக் குடுத்து கையெழுத்து போடுன்னீங்க?”

“வாய மூடுடா!” என்றார் வேங்கடேசன். பிறகு பாஞ்சாலியிடம், “காக்காவ கோர்ட்டுக்குச் சாட்சியா கூட்டியாருவியா?”

“அது வராதுங்க. நுகர்வோர் கோர்ட்டுலேர்ந்து மாடிய பாக்க ஆள் வருவாங்க. நீங்களும் கூட ஏறணும்.”

வேங்கடேசனின் கை தானாகச் சுருட்டை முடிமேல் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“சரி, பெட்டிய ரிப்பேர் பண்ணித் தர்றேன்.”

“எனக்கு மட்டும் பத்தாதுங்க,” என்றாள் அற்புதமேரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. “எங்க தெரு ஏழு அட்டைக்கும், கெட்டுப்போனா ரிப்பேர் பண்ணித் தருவேன்னு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.”

1.45க்கு எழுந்தாள். கையில் காகிதம் இருந்தது.

ஜூன் 15இல் டிவி உயிரோடு வந்தது. ஏழு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். படத்தில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நிழலாக இன்னொருவர் தெரிந்தார்; ஏரியலைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்றான் துரைக்கண்ணு. யார் திருப்புவது என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

குஞ்சுகள் பறக்கும்வரை அந்தத் தெரு ஒவ்வொரு கதாநாயகியையும் இரண்டிரண்டாகவே பார்த்தது. அந்தக் குறைக்கு மட்டும் அற்புதமேரி புகார் கொடுக்கவில்லை.