கொஞ்சம் வெளிய வந்து பேசு

இரண்டாவது ரவுட்டரில் மூன்று பச்சை விளக்குகள். கரண்ட் வந்தால் முதலாவது எரியும். கீழே ஹாலில் இருக்கிற பழைய ரவுட்டரிலிருந்து வரும் ஒயரைச் செருகினால் இரண்டாவது எரியும். யாருடைய போனாவது வந்து ஒட்டிக்கொண்டால்தான் மூன்றாவது மினுக்கும் என்று நெட்காரர் சொல்லியிருந்தார். பஸ் டிரைவர் மாடி அறைச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டி, சுவிட்சைப் போட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோது மூன்றாவது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் போன் கீழே ஹாலில் சார்ஜில் கிடந்தது. மனைவியின் போனும் கீழேதான். மாடியில் அவனைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை.

"சரி, புதுசுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புதுசாவது, மண்ணாவது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கிய நாளிலிருந்து பெட்டியோடு கட்டிலுக்கடியில் தூங்கியது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அவன் சொல்லிச் சொல்லி, கடைசியில் மகளே, "அப்பா, எந்த வருஷத்து ஞாயிறுன்னு மட்டும் சொல்லிடுங்க, காலண்டர்ல குறிச்சுக்கிறேன்" என்று கிண்டல் செய்தாள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பதினாறு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் போன பிறகும் போகவில்லை.

இன்று காலையில் மனைவிதான் பேச்சை எடுத்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டைப் பிரித்துவைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அந்த டப்பாவை எடுத்து மாட்டிடுங்க. இனிமே நான் வாலு ரூம்ல உக்காந்துதான் திருத்தப் போறேன். மார்க்கை நெட்லதானே ஏத்தணும்."

"இன்னிக்கேவா?"

கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அவ இருந்தப்போ உங்களுக்கு நேரமில்ல. இப்ப இருக்கில்ல?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எப்போதும் சொல்வதில்லை. மாடி அறைக்கு வை-ஃபை எட்டாது, அதனால் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு பின்னாலிருக்கும் திறந்த மாடிக்குப் போனாள், அங்கே கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், சிக்னல் தேடி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள், விழுந்தாள். இவ்வளவுதான் மனைவிக்குத் தெரியும். ரவுட்டர் மாட்டாத சோம்பேறி என்ற பழியை அவன் எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான். அதைவிடப் பெரிய பழி ஒன்று உள்ளே இருந்தது. சின்னது பெரியதை மூடிக்கொண்டிருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டால் அவள் இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயம்.

வாலு விழுந்த அன்று சாயங்காலம் அவன் வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தான். இருபது நிமிஷ ஓய்வு. வாலு கூப்பிட்டாள். "அப்பா, கெமிஸ்ட்ரில எவ்வளவுன்னு சொல்லுங்க பார்ப்போம்!" ஹாரன், ஒலிபெருக்கி, பாத்திரம் கழுவும் சத்தம். அவள் சொன்ன மார்க் காதில் விழவில்லை. சத்தம் இருந்தது அவன் பக்கம். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். கால் வலித்தது. மின்விசிறிக்குக் கீழே நல்ல இடம் கிடைத்திருந்தது. "கேக்கலம்மா. கொஞ்சம் வெளிய வந்து பேசு" என்றான். எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதானே? "வந்துட்டேன், இப்ப?" "இல்ல, இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "இன்னும் கொஞ்சம் வாம்மா." பிறகு கேன்டீனில் சட்டென்று சத்தம் அடங்கியது. "ஆங், இப்பக் கேக்குது. சொல்லு" என்றான். பதில் வரவில்லை. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, தேநீரைக் குடித்து முடித்தான்.

அந்தத் தேநீரை அவன் முழுசாகக் குடித்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தொண்டையைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருக்கும்.

ரவுட்டருக்கு ஒயரைக் கொண்டுவரச் சுலபமான வழி வெளிச்சுவர்தான். ஹால் ஜன்னல் வழியாக விட்டு, சுவரோடு ஏற்றி, திறந்த மாடியின் கதவுக்கடியில் உள்ளே இழுத்திருந்தான். அதற்காக எட்டு மாதப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. ஒயர் குறுக்கே கிடந்ததால் கதவு இப்போது முழுதாகச் சாத்தவில்லை. நாலு விரல் இடைவெளி. அதன் வழியே சாயங்காலக் காற்று வந்து, வாலு திரைச்சீலையில் வரிசையாகக் குத்திவைத்திருந்த தலைமுடிக் கிளிப்புகளை ஒன்றோடொன்று மோதவைத்தது. நகப்பூச்சு வாசம் லேசாக வந்தது. எட்டு மாதம் மூடிக்கிடந்த பாட்டிலிலிருந்து எப்படி வாசம் வரும்? புத்தக அலமாரி, கழுத்தில் மாட்டும் பள்ளி அட்டை, மேஜைக்கடியில் ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி சுத்தியலையும் ஆணிகளையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

ஹாலில் போனை எடுத்து நெட்காரரைக் கூப்பிட்டான்.

"பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே வச்சீங்களா சார்?"

"வச்சேன்." பெயர், வாலு வீடு. பாஸ்வேர்ட், அப்பாகிட்டகேளு. இரண்டும் அவள் வைத்ததுதான். வருகிற விருந்தாளியெல்லாம் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டால், "அப்பாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர்கள் அவனிடம் வந்து கேட்பார்கள். அவனும் "அப்பாகிட்ட கேளு" என்பான். அப்போது மூன்று பேரும் எப்படிச் சிரிப்பார்கள்! மனைவிதான் அதிகம் சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. எட்டு மாதமாக இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்ப கவலையே இல்ல. ஏற்கெனவே இந்த வீட்டுல இருந்த போன் எல்லாம் கேக்காமலே தானா உள்ள வந்துரும். அப்புறம் அந்த நம்பர் குடுக்கிற செட்டிங், மேல ஆஃப் பண்ணிட்டீங்கல்ல?"

"எது?"

"சொன்னேனே சார்! மேல உள்ளதும் நம்பர் குடுக்கும், கீழ உள்ளதும் நம்பர் குடுக்கும். ஒரே நம்பர்ல ரெண்டு பேர் வந்து நிப்பாங்க. யாருக்கு வர்றது யாருக்குப் போகுதுன்னே தெரியாது."

பண்ணிவிடுகிறேன் என்று வைத்துவிட்டு, ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறந்தான். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. கீழே: அவன் போன், மனைவியின் போன், டிவி. மேலே: ஒன்றே ஒன்று. வாலுவின் போன்.

அந்தப் போன் பீரோவில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி பொடிப்பொடி. அவன்தான் வாங்கினான், அவன்தான் துணிகளுக்கடியில் வைத்துப் பூட்டினான். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. தூரத்தில் இருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. இருக்கிறாள் என்று தோன்றியதற்கே போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு கோடு இரண்டானது.

போன் அடித்தது. திரையில் நாக்கை நீட்டிக்கொண்டு வாலு.

மேஜையிலிருந்து மனைவி நிமிராமல், "யாருங்க?" என்றாள்.

"டெப்போல இருந்து" என்று சொல்லிவிட்டு, அவன் வாசல் கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டான். அன்றைக்கு நடக்காத பத்தடியை இன்றைக்கு நடந்தான். எதிர் வீட்டில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சுவரின் மேல்பாதியில் மட்டும் இருந்தது.

"வாலு?"

ஹாரன் சத்தம். ஒலிபெருக்கி. பாத்திரங்கள் உருளும் சத்தம். அதற்கு நடுவே ஓர் ஆள் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டு, அலுப்போடு.

"கேக்கலம்மா. கொஞ்சம் வெளிய வந்து பேசு."

அவன் குரல்தான். அவள் பக்கம் ஒன்றுமே இல்லை. அவன் சொன்னது மட்டும், சொன்ன இடைவெளியோடு.

"இல்ல, இன்னும் கொஞ்சம்."

நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, விரல் நகரவில்லை. இதை மனைவி கேட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது. வீட்டுக்குள்ளே இன்னொரு போன் அடித்தது.

ஜன்னல் வழியாக மனைவியின் குரல் வந்தது.

"சொல்லுங்க. வெளியிலதானே போனீங்க, எப்ப மாடிக்குப் போனீங்க? குரல் மேல இருந்து வருதே."

அவன் திரும்பினான்.

"என்னது? கேக்கல. அங்க என்ன ஒரே சத்தம்?"

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"சரி, சரி. மாடியில வெளியதானே? வரேன்."

ஒரே நம்பர். இரண்டு பேர்.

கதவைத் தள்ளினான். மேஜையில் விடைத்தாள். சிவப்புப் பேனா மூடியில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. படியில் அவள் செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக. "ஏம்மா! நான் இங்க இருக்கேன்! இங்க!" செருப்புச் சத்தம் நிற்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஹால் ரவுட்டரின் கரண்ட் ஒயரை எட்டிப் பிடுங்கினான். கையோடு வந்தது. அதன் விளக்குகள் அணைந்தன.

மேலே அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்ப?"

இரண்டு இரண்டு படியாக ஏறினான். மகளின் அறை. நகப்பூச்சு வாசம். சுவரில் பச்சை விளக்கு நிற்காமல் மினுக்கியது. அதையும் பிடுங்கினான். ஆணியோடு பெயர்ந்து வந்தது. கையில் வைத்துப் பார்த்தான். எந்த ஒயரும் இல்லை. மினுக்கியது.

திறந்த மாடியின் கதவு அகலத் திறந்திருந்தது.

மனைவி வெளியே நின்றாள். வலது காதில் போன். இடது காதை விரலால் அடைத்திருந்தாள். சத்தத்தில் எல்லாரும் செய்வதுதான். மெதுவாக நடந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. எங்கேயோ தூரத்தில் பார்த்தாள். சிக்னல் தேடுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"போகாதே! அது நான் இல்ல!"

நடந்தாள்.

"நான்தான் சொன்னேன்! நான்தான் அவளை வெளிய வரச் சொன்னேன்! சத்தம் என் பக்கம்தான் இருந்துச்சு! எந்திரிக்கச் சோம்பல்பட்டு உக்காந்திருந்தேன்! நான்தான் கொன்னேன்! கேக்குதா? நான்தான்!"

எட்டு மாதம் உள்ளே கிடந்தது எல்லாம் வந்துவிட்டது. அவள் திரும்பினாள். வகுப்பில் பிள்ளைகள் இரைச்சல் போட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. உள்ளங்கையை உயர்த்தினாள். இரு.

"ஒரு நிமிஷங்க, இங்க யாரோ கத்துறாங்க" என்றாள் போனில். "ஒண்ணுமே கேக்கல."

ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டாள்.

ஓடினான். கதவுக்குக் குறுக்கே அவனே இழுத்துப்போட்ட ஒயர் கணுக்காலில் மாட்டியது. விழுந்தான். மோவாய் தரையில் இடித்தது. வாயில் ரத்தம். தலையைத் தூக்கினான்.

சுவர். வானம்.

சுவரின்மேல் அவள் போன். திரை எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அவன் குரல், நிம்மதியாக.

"ஆங், இப்பக் கேக்குது. சொல்லு."

அவன் கையிலிருந்த போனில் இரைச்சல் அடங்கியது. ஹாரன் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. காதோடு வாய் வைத்துப் பேசுகிறமாதிரி, அவ்வளவு தெளிவு.

"தொண்ணூத்தாறுப்பா" என்றாள் வாலு.

அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா சிரிப்பது கேட்டது.