முப்பத்து மூன்றாவது அடி

"கட்...!"

டைரக்டர் கத்தினார்.

தரையில் குப்புற விழுந்து கிடந்த வில்லன் எழுந்திருக்கவில்லை.

யாரும் பதறவில்லை. பதறுவானேன்? தலையில் பாட்டில் உடைந்து சாவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்! செட்டே கை தட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

மேக்கப்மேன் மட்டும் பக்கத்தில் போய்க் குனிந்தார். வில்லனின் காதோரம் வழிந்ததை விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"சார்... இது நான் வெச்ச ரத்தம் இல்ல சார்!"

கைதட்டல் நின்றது.

புகை மெஷினை அணைத்தார்கள். புகை மெல்ல விலகியது. செட்டின் பின்பக்கம், பலகைச் சுவரோரம் ஒருத்தி நின்றிருந்தாள். கையில்லாத கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, இடுப்பு வரை சவுரி. கையில், உடைந்த பாட்டிலின் கழுத்து.

கதாநாயகியின் டூப்!

"அடிப்பாவி! கொன்னுட்டியே!" டைரக்டர் அலறினார்.

டூப் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

ஏனென்றால்... அடித்தது அவள் இல்லை!

காலையில் டீ குடிக்கும்போது வில்லன் சும்மா இருக்காமல் கதாநாயகியைச் சீண்டியிருந்தார். "மேடம், உங்க மூணு படத்துல செத்திருக்கேன். இன்னிக்கு வரைக்கும் உங்க சுண்டு விரல்கூட என் மேல பட்டதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். ஆனால் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மதியம் இந்த ஷாட். நாயகி வில்லன் தலையில் பாட்டிலை உடைக்க வேண்டும். கேமராவுக்கு முதுகுதான் தெரியும். முதுகு தெரிந்தால் டூப்தான், அந்த செட்டில் அதை யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. சர்க்கரைப் பாகில் வார்த்த போலி பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது, மேடம் குறுக்கே வந்தார். அவர் கையில் க்ளோஸ்-அப்புக்கு வைத்திருந்த அசல் கண்ணாடி பாட்டில்.

"நீ நில்லு. இன்னிக்கு நானே அடிக்கறேன்."

"மேடம், அது நிஜ..."

சொல்லி முடிப்பதற்குள் மேடம் புகைக்குள் போய்விட்டார்.

"ஆக்‌ஷன்!"

டங்...!

ஓடி வந்த மேடம், மிச்சமிருந்த பாட்டில் கழுத்தை டூப்பின் கையில் திணித்தார். கேரவனுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் பத்து செகண்டில்!

வில்லனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். நினைவு திரும்பவில்லை.

அரைமணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. முழங்கால் வலி. வந்ததும் முதல் வேலையாக டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தார். டைரக்டர் நின்றார்.

"என்ன படம் இது?"

"பெண் விடுதலைப் படம் இன்ஸ்பெக்டரம்மா! ஹீரோவே கிடையாது. ஒரு பொண்ணு தனி ஆளா முப்பத்து மூணு பேரைக் கொல்றா!"

"விடுதலைக்கு இவ்ளோ செலவா? சரி, எதுக்குக் கொல்றா?"

"அவ குடும்பத்தையே அழிச்சிடறாங்க..."

"நானும் இதைத்தான் முதல் நாள்லேர்ந்து கேக்கறேன்!" மூலையில் இருந்து ஒரு குரல். படத்தின் வசனகர்த்தா. கையில் ஃபைலோடு ஓர் இளம் பெண். "ஹீரோ படம்னா, எவனாவது ஹீரோவோட செருப்பை மிதிச்சா போதும், இருபது பேரைத் தூக்கிப் போட்டுப் பந்தாடுவான். பொண்ணு கையை ஓங்கணும்னா மட்டும் அப்பா சாகணும், அம்மா சாகணும், அவளையும் சீரழிக்கணும். அப்பதான் அவ கோபத்துக்கு லைசென்ஸா?"

"ரசிகன் ஏத்துக்கணும்லம்மா!"

"செருப்பை மட்டும் ஏத்துக்கறானா?"

"தியேட்டர்ல பொண்ணுங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க. அது புரட்சி இல்லையா?"

"தட்டிட்டு வீட்டுக்குப் போற வழியில பஸ்ல ஒருத்தன் இடிப்பான் சார். முப்பத்து மூணு பேரை எல்லாம் வேணாம். அந்த ஒருத்தனை என்ன பண்றதுன்னு உங்க படத்துல ஒரு சீனாவது இருக்கா?"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "இருபது வருஷ சர்வீஸ்ல நான் ஒரே ஒருத்தனைத்தான் அறைஞ்சேன். மூணு நாள் என் கை வீங்கியே இருந்துச்சு. உங்க ஹீரோயினுக்கு லிப்ஸ்டிக்காவது கலையுமா?"

டைரக்டர் தலையைச் சொறிந்தார். கலையாது.

"சரி, நீ வாம்மா. உன் பேரு?"

டூப் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

அதைப் பார்த்து அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எட்டு வருஷமா சினிமாவுல இருக்கேன். என் பேரை ஒருத்தர் எழுதறது இதான் முதல் தடவை."

"ஏன், டைட்டில்ல போட மாட்டாங்களா?"

"மேடத்துக்கு டூப்பே கிடையாதுன்னு விளம்பரம். எல்லாம் அவங்களே செய்யறாங்களாம். அப்புறம் எங்க போடறது?"

நடந்ததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மற்றவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்... "முதுகு ஷாட்டுன்னா இவதாங்க!"

சர்க்கரை பாட்டில் மேஜைமேல் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"போலியை இங்கயே வெச்சிட்டு, நிஜத்தை எடுத்துப் போயிருக்கே. பாத்தா தெரிஞ்சே செஞ்ச மாதிரில்ல இருக்கு? அந்த ஆள் பொழைக்கலைன்னா உனக்கு ஆயுள் தண்டனைம்மா."

டூப் பயந்துபோனாள். மூன்றாவது மாடியில் இருந்து குதிக்கும்போதுகூட இப்படிப் பயந்ததில்லை.

அந்தச் சமயம் பார்த்து கேரவன் கதவு திறந்தது. மேடம் இறங்கினார். புது மேக்கப். ஈரமே இல்லாத கண்ணில் கர்ச்சீப்.

"நான் ரெஸ்ட் எடுத்துட்டிருந்தேன் இன்ஸ்பெக்டர். சத்தம் கேட்டுத்தான் தெரியும். பாவம், என்னை மாதிரியே டிரஸ் போட்டுப் போட்டு இவளுக்கு மனசு கெட்டுப்போச்சு. ஒரு பொண்ணா எனக்கே அவமானமா இருக்கு."

டூப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்திரண்டு பேரை அடித்தது நான், பெயர் உனக்கு! ஒரே ஒருத்தனை அடித்தது நீ, கேஸ் எனக்கா?

வாசலில் பத்திரிகைக்காரர்கள் கேமராக்களோடு காத்திருந்தார்கள். நாலு மணிக்கு மேடம் 'பெண்ணின் வீரம்' பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. டூப் அந்தக் கேமராக்களைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். எட்டு வருஷம் அந்த அம்மாளின் சட்டைக்குள்ளேயே குடியிருந்தவள் அவள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"இன்ஸ்பெக்டரம்மா... நான் ஒத்துக்கறேன்."

"எதை?"

"எல்லாத்தையும். ஆனா அவங்க எல்லாரும் கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார். கூட வந்திருந்த கான்ஸ்டபிளிடம் சொன்னார், "கேட்டைத் திற."

கேமராக்கள் உள்ளே பாய்ந்தன.

டூப் கையுறையைக் கழற்றினாள். சவுரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நல்லா எழுதிக்கோங்க. இன்னிக்கு அடிச்சது நான்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நீளமான தழும்பு. "இது முதல் படம். பைக்ல கண்ணாடியை உடைச்சிட்டு வந்ததும் நான். ஹீரோவோட டூப்புக்குன்னா கோட்டு குடுப்பாங்க, உள்ள அடிபடாம இருக்க பேட் கட்டிக்கலாம். எனக்குக் கையில்லாத சட்டை. கட்ட இடமில்ல."

மேடத்தின் கர்ச்சீப் பாதியில் நின்றது.

"இந்தத் தோள்பட்டை ரெண்டாவது படம். ஓடற லாரி. முழங்கால்ல பிளேட்டு இருக்கு, அது மூணாவது மாடி. அதுக்குத்தான் போன வருஷம் மேடத்துக்கு..."

"ஏய்!" மேடம் பல்லைக் கடித்தார்.

"...வீரப் பெண்மணி விருது குடுத்தாங்க. மேடை ஏறி அழுதாங்க. அப்ப நான் ஆஸ்பத்திரியில படுத்து டிவியில பாத்துட்டிருந்தேன்."

இருபது மைக்குகள் மேடத்தின் பக்கம் திரும்பின.

"மேடம், அப்ப நீங்க ஒரு சண்டைகூடப் போட்டதில்லையா?"

"ஒரே ஒரு அடிகூடவா?"

"பொய்!" மேடம் வெடித்தார். "அத்தனையும் பொய்! இவ யாருன்னே எனக்குத் தெரியாது! எல்லா அடியும் நான் அடிச்சது! இன்னிக்கு அடிச்சதுகூட நான்தான்! இந்தக் கையால!"

"எந்த பாட்டில்ல மேடம்?" இன்ஸ்பெக்டர் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"க்ளோஸ்-அப்புக்கு வெச்சிருந்தேனே, அந்த..."

மேடம் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து டூப்பின் கையில் கொடுத்தார். "இந்தா, உன் பேரு. பத்திரமா வெச்சுக்கோ."

டூப்புக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே.

கான்ஸ்டபிளின் போன் அலறியது. எடுத்துக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "வில்லன் கண்ணு முழிச்சிட்டாராம் இன்ஸ்பெக்டரம்மா. முதல் வார்த்தையே, 'டேக் ஓகேவா?'ன்னு கேட்டாராம்!"

டைரக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வசனகர்த்தா ஃபைலைத் திறந்து எதையோ அடித்துத் திருத்த ஆரம்பித்தாள்.

ஜீப்பில் ஏறப் போன மேடம் சட்டென்று நின்றார். டூப்பின் காதருகே குனிந்தார்.

"தங்கம்... ஒரே ஒரு நாள். சவுரியை மாட்டிக்கிட்டு எனக்குப் பதிலா லாக்கப்ல உக்காந்துக்கறியா? முதுகைக் காட்டிட்டு உக்காந்தா யாருக்கும் தெரியாது!"

டூப் சவுரியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஸாரி மேடம்... இதுல ஃபுல்லா க்ளோஸ்-அப்தான்!"