மிதி என்றது யார்?

எம்.ரெட்டியபட்டி விலக்கில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோதே கரிப்புகை மூக்கில் ஏறியது. காய்ந்த பருத்திக் காட்டைத் தாண்டி, கண்மாய்க் கரைக்குக் கீழே தங்கலட்சுமியின் கரிமூட்டம் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் கருத்தப்பாண்டி செத்த பிறகு போடும் முதல் மூட்டம். "அண்ணே, நீங்க வந்து நின்னாத்தான் எனக்குத் தைரியம்" என்று போனில் அழுதிருந்தாள். கால் வீங்கிக் கிடந்தாலும் வராமல் இருக்க முடியவில்லை.

கருத்தப்பாண்டி எனக்குக் கூலி கொடுத்தவன். ஆனால் 'மொதலாளி' என்று கூப்பிட்டால் கையில் கிடைத்த கட்டியை எடுத்து எறிவான். "ஏலே இருளு, ஒரே தூக்குச்சட்டியில சாப்புடுறோம், இதுல மொதலாளி என்னலே மொதலாளி" என்பான். இருளப்பசாமி என்ற என் பேரை அப்படிச் சுருக்கினவன் அவன் ஒருத்தன்தான்.

மூட்டம் என்பது, சீமைக்கருவேல விறகைக் குவித்து, தழை பரப்பி, மேலே சகதி பூசி, உள்ளே நெருப்பு வைப்பது. விறகு எரியக் கூடாது. வெந்து கரியாக வேண்டும். உள்ளே விறகு சுருங்கச் சுருங்க மேலே மண் ஓடு வெறும் பொக்காகிவிடும். எங்காவது ஓட்டை விழுந்தால் 'கண்ணு விட்டுருச்சு' என்போம். காற்று புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். உடனே ஒருத்தன் ஏறிச் சகதி வைத்து அடைக்க வேண்டும்.

ஏறியவனுக்குப் புகையில் தன் காலே தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவன் ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுப்பான். கீழே நிற்பவன் மண் அமுங்குகிறதா என்று பார்த்து "மிதி" என்பான், இல்லையென்றால் "நில்லு" என்பான். வேலை முடிந்ததும் "எறங்கு" என்பான். அந்தச் சொல் வரும்வரை மேலே இருப்பவன் இறங்கக் கூடாது.

தலை நரைக்கிற வரைக்கும் கருத்தப்பாண்டியின் சொல்லை நம்பித்தான் மிதித்தேன். ஒரு தடவைகூடக் கால் சுட்டதில்லை.

போன பங்குனியில் நான் என் சம்சாரத்தின் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தேன். தங்கலட்சுமி தண்ணீருக்குப் போயிருந்தாள். மூட்டம் கண் விட்டிருக்கிறது. கீழே ஆள் இல்லாமல் அவன் ஏறிவிட்டான். குடத்தோடு திரும்பியவள் பார்த்தது மூட்டத்தின் நடுவில் ஒரு பள்ளத்தை மட்டும்தான்.

இந்த மூட்டத்துக்கு அவன் மருமகன் இன்பராஜ்தான் ஆள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை போய், மாசமாக இருக்கும் பெண்டாட்டியோடு மாமியார் வீட்டுக்கு வந்து கிடக்கிறான். நான் அந்தக் கட்டுப்பாட்டை விளக்கிச் சொன்னதும் சிரித்தான்.

"எதுக்கு மாமா கத்திக்கிட்டு? நான் மேல போறேன், நீங்க கீழ இருந்து போன் போட்டுச் சொல்லுங்க."

"ஆமா தம்பி, சகதிச் சட்டிய ஒரு கையில புடி, போன ஒரு கையில புடி, உசுர எந்தக் கையில புடிப்ப?"

தங்கலட்சுமிகூடச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

உச்சிப்பொழுதில் மூட்டம் கண் விட்டது.

உச்சியில் சிவப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது. என் காலால் ஏற முடியாது. இன்பராஜ் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். முழங்கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது. பிறகு முழு ஆளையும் புகை விழுங்கிவிட்டது. பாதம் படும் இடம் மட்டும் குனிந்து பார்த்தால் தெரிந்தது.

"மாமா, மிதிக்கவா?"

"மிதி."

"மிதிக்கவா?"

"மிதி."

அடுத்த அடிக்கு அவன் காலைத் தூக்கியபோது முன்னால் இருந்த மண் கூழ் கொதிப்பதுபோல மெல்ல ஏறி இறங்கியது.

"நில்லு!"

அவன் மிதித்தான்.

கணுக்கால் வரை உள்ளே போனது. அலறிக்கொண்டு உருவிக்கொண்டான். "மிதின்னு சொல்லிட்டு இப்படிப் பண்றீகளே மாமா!"

"நில்லுன்னுல்ல சொன்னேன்!"

"இல்ல மாமா. மிதி மாப்ளன்னு சொன்னீக. காதுகிட்ட நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு."

நான் அவனை மாப்ள என்று கூப்பிட்டதே இல்லை.

காற்று நின்றுபோயிருந்தது. கருவேலங்காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அப்போது எனக்கும் கேட்டது. மேலேயிருந்து வரவில்லை. மண்ணுக்கு உள்ளேயிருந்து, பீடி இருமலோடு வந்தது.

"மிதி மாப்ள."

என் பின்னால் குடம் விழுந்து உருண்டது. தங்கலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணே... அவுக."

"தம்பி, கால எடுக்காத! நான் சொல்றத மட்டும் கேளு!" என்று கத்தினேன்.

"நான் சொல்றத மட்டும் கேளு தம்பி" என்றது உள்ளேயிருந்து.

என் குரலில்.

புகைக்குள் இன்பராஜ் அழ ஆரம்பித்தான். "ரெண்டு பேரும் நீங்கதான் பேசுறீக. நான் யாரு பேச்சக் கேக்குறது மாமா?"

அவன் கால் மறுபடியும் மேலே எழுவதைப் பார்த்தேன். முன்னால் மண் வாய் திறப்பதுபோல வெடித்தது. என்னோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன் தன் மகள் புருஷனையே காவு கேட்கிறான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். பிறகு ஏன்?

அவனுக்கு 'எறங்கு' என்ற அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. ஏறியவன் இன்னும் ஏறியபடியே நிற்கிறான்.

"ஏலே கருத்தப்பாண்டி!" நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். "வேல முடிஞ்சுருச்சுலே. நான் கீழதான் நிக்கேன். எறங்கு!"

புகைக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

பிறகு மண் ஓட்டில் பொத்தென்று ஒரு அடி விழுந்தது. ஆளைக் காணோம். சாம்பல் மட்டும் சிதறியது. இன்னும் கொஞ்சம் கீழே இன்னொரு அடி. பிறகு இன்னொன்று. என் பக்கமாகவே இறங்கி வந்து, நான் நின்ற இடத்தில் ஓய்ந்தது. தோளில் சூடு பட்டது.

"தம்பி, இப்பத் திரும்பு. வலது கால். மிதி... மிதி... எறங்கு!"

இன்பராஜ் மறுபக்கமாகச் சரிந்து விழுந்து எழுந்தான். உடனே மூட்டம் குப்பென்று பற்றிக்கொண்டது. அடைக்க நான் சட்டியைத் தேடினேன். தங்கலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. எரிஞ்சு போகட்டும். மூட்டத்துக்கு வாங்குன லோன எப்படியோ அடச்சுக்கிறேன். எம் பிள்ளைக்குப் புருஷன் இருக்கானே, போதும்."

சாயங்கால பஸ்ஸில் என் ஊர் பாளையம்பட்டிக்குத் திரும்பினேன். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் பக்கத்தில் உட்கார்ந்தவர் "என்னய்யா இப்படிக் கரி நாத்தம்" என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். வீட்டு வாசலுக்கு வந்து ஒரு காலைத் தூக்கினேன்.

"மிதி" என்றது தோளுக்குப் பின்னால்.

இத்தனை காலம் என்னைக் காப்பாற்றிய அதே குரல். மத்தியானம் இன்பராஜை அழைத்ததும் அதுதான்.

உள்ளே சிமெண்டுத் தரைதான். நானே பூசியது.

"சோறு ஆறுது. ஏன் அங்கனயே ஒத்தக் கால்ல நிக்கிறீக? உள்ள வாங்க" என்றாள் என் சம்சாரம்.

"மிதி, இருளு."

தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.