ஒரு கால் மட்டும் ஜில்!

"வீல்...!"

பார்வையாளர் மேடை முழுக்க ஒரே அலறல்!

ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான வார்னம்பூலின் குதிரைப் பந்தய மைதானம். கடைசித் தடையைத் தாண்டிய சாம்பல் குதிரை, இடது முன்னங்காலை ஊன்ற முடியாமல் சரிந்தது. ஜாக்கி டென்னி உருண்டுபோய் வேலியோரம் விழுந்தான். தோள் எலும்பு பணால்!

மைதானத்தின் கால்நடை மருத்துவர் ரோவீனா ஓடினாள். குதிரையின் காலை ஸ்கேன் செய்து பார்த்தாள். தசைநாண் பாதி கிழிந்திருந்தது.

குதிரை பிழைத்துக்கொள்ளும். அவள் வேலை...?

காலையில் இதே காலைத் தடவிப் பார்த்து, 'ஓடலாம்' என்று சொன்னவள் அவள்தான்!

முதலுதவி அறை. கட்டிலில் டென்னி. பக்கத்தில் குதிரையின் பயிற்சியாளர் ஃபெர்கஸ், ரோவீனாவிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"அடிபட்ட காலுன்னா சூடு காட்டியிருக்குமேம்மா! தொட்டுப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். சூடே இல்லை. ஜில்லுன்னு இருந்துச்சு. விடியறப்போ கடல்ல நடத்திக் கூட்டிட்டு வந்திருப்பீங்கன்னு நினைச்சேன். இந்த ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே!"

"நாலு காலுமா ஜில்லுன்னு இருந்துச்சு?"

ரோவீனா யோசித்துப் பார்த்தாள்.

இல்லை... ஒரு கால் மட்டும்!

கடலில் இறங்கிய குதிரைக்கு ஒரு கால் மட்டும் எப்படிக் குளிரும்? இதைக்கூட யோசிக்காமல்... வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"ஐஸ் வச்சு சூட்டை மறைச்சிருக்கீங்க!" என்று சீறினாள். "விசாரணையில சொல்லத்தான் போறேன்!"

பழியை அவர் தலையில் கட்டிவிட்டால் வேலை தப்பிக்கும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்குக் கூசியது.

"நானா?" ஃபெர்கஸ் குரல் இறங்கியது. "கடலுக்கே இன்னிக்குப் போகலை. கிளம்புற அவசரத்துல நானும் காலைத் தொட்டுப் பாக்கலை... தப்புதான். இங்க வந்து குதிரையைக் கட்டினதும், டென்னிகிட்ட விட்டுட்டு காபி குடிக்கப் போனேன்..."

சட்டென்று நிறுத்தினார்.

டென்னி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டேய்... நீயா?!"

"நேத்துப் பயிற்சியிலேயே நொண்டுச்சு அண்ணே..." அவன் குரல் உடைந்தது. "சொன்னா பந்தயத்துலேர்ந்து எடுத்துருவீங்க. நாப்பது தாண்டினவனுக்கு வேற யாரு குதிரை தருவா? டாக்டர் வர்றதுக்குள்ள ஐஸ் வச்சேன். அது என்னை நம்பித்தானே ஓடுச்சு... அசிங்கமா இருக்கு. மூஞ்சில துப்புங்க!"

ரோவீனா துப்பவில்லை. துப்புகிற தகுதி தனக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு பேருமே உள்ளதைச் சொல்லிருவோம், டென்னி. நீ மறைச்சே. நான் கோட்டை விட்டேன்."

"குதிரை மறுபடி ஓடுமா டாக்டர்?" என்றான் டென்னி.

"ஓடலாம். ஆனா மாசக்கணக்கா, தினமும் கையில பிடிச்சு மெதுவா நடத்தணும். யாரும் மேல ஏறவே கூடாது."

"யார் நடத்துறது?"

ஃபெர்கஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான்! தோள்தானே உடைஞ்சுது... காலு நல்லாத்தானே இருக்கு?"

ஒரே ஒரு சவாரிக்கு ஆசைப்பட்ட ஜாக்கிக்கு, அடுத்த வருஷம் வரைக்கும் நடராஜா சர்வீஸ்!