தவறிப்போன பதினெட்டுச் சீட்டுகள்

சனிக்கிழமை, காலை 8.50.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

கிளப் டீச்சர் கையை விட்டுத் துழாவினாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகுதான் கத்தினாள்.

"பாஸ்டர்! சீட்டு எல்லாம் போச்சு!"

ஆலயத்தின் பின்பக்க அறையில் வாராவாரம் கூடும் சிறுவர் கிளப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். திங்கட்கிழமை விடுமுறை தொடங்குகிறது. விடுமுறையில் என்னென்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனையைச் சீட்டில் எழுதி, போன சனிக்கிழமை இந்தப் பெட்டியில் போட்டிருந்தார்கள். நாளை ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னிலையில் போதகர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிப்பார். கைதட்டு அதிகம் வாங்கும் ஐந்து யோசனைகள் நிறைவேறும். ஒரு வாரமாகப் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை.

போதகர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு, கதவருகே துடைப்பத்துடன் நின்ற கோயில்பிள்ளையைப் பார்த்தார். ஆலயத்தைத் திறப்பது, பூட்டுவது, பெருக்குவது எல்லாம் கோயில்பிள்ளைதான். இருபத்திரண்டு வருட வேலை. குடியிருப்பதும் ஆலய வளாகத்து ஒற்றை அறையில்தான்.

"இந்த ரூம் சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?"

"ஆமாங்க பாஸ்டர்."

"அப்ப நான் என்னத்தை நினைக்கிறது?"

கோயில்பிள்ளை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லேன்னா சாவிக்கொத்தை மேசையில வச்சுடுங்க."

போதகர் கெட்டவர் இல்லை. போன மாதம் ஆலயத்தில் ஒரு மைக் காணாமல் போனதற்குச் சபையாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். சூடு கண்ட பூனை.

9.20.

தபால் அத்தை ஆலயச் சமையலறையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். வாரம் முழுவதும் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சாறு கலக்க வருவாள். எறும்பு ஊர்ந்தது போன்ற முகவரியையும் படித்துவிடுவாள். ஒட்டிய உறையைத் தடவியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்று போதகரே கேலி செய்வார். டீச்சர் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெட்டிய யாரும் தொடாதீங்க."

சின்ன மரப்பெட்டி. மேலே சீட்டுப் போட ஒரு பிளவு. முன்னால் பித்தளைப் பூட்டு, அதில் கீறல் இல்லை. பின்னால் இரண்டு கீல்கள், எட்டுத் திருகாணிகள். மேல்வரிசை நான்கின் தலையில் மட்டும் புது மினுக்கம். எட்டின் தலையிலும் உள்ள வெட்டுகள் நேர்க்குத்தாக நின்றன. அணிவகுப்பில் நிற்கும் போலீஸ்காரர்கள் தோற்றார்கள்.

பெட்டி இருந்த அலமாரித் தட்டில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. அத்தை விரலில் தொட்டு முகர்ந்தாள். சோப்பு.

"இந்த அலமாரிக் கதவு யார் மாட்டினது?"

"நான்தாங்க," என்றார் கோயில்பிள்ளை. "போன வருஷம் கழண்டு தொங்குச்சு. நானே முடுக்கினேன்."

அத்தை அந்தக் கீலையும் பார்த்தாள். வெட்டுகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

"போன சனிக்கிழமைக்கு அப்புறம் உள்ள யார் யார் வந்தாங்க?"

"நேத்து மட்டும்தாங்க. காலையில டீச்சர், படம் ஒட்ட. மத்தியானம் கார்பெண்டர். பெஞ்சு ஆடுதுன்னு சரி பண்ண வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டுட்டு மணிக்கு எண்ணெய் போடப் போயிட்டேன்."

"எந்த பெஞ்சு?"

"தெரியலைங்க."

"டீச்சர், எந்த பெஞ்சும்மா ஆடிச்சு?"

"எதுவும் ஆடலையே அத்தை."

"இந்தப் பெட்டிய யார் செஞ்சு கொடுத்தது?"

"கார்பெண்டரேதான், சும்மாவே செஞ்சு கொடுத்தார். தங்கமான மனுஷன்." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், மூணு மாசத்துக்கு முன்னாடி அவங்க வீட்ல பிறந்த குழந்தை தவறிப்போச்சு. அவர் வீட்டு அக்கா அதுக்கப்புறம் ஆலயத்துக்கே வரல. நாளைக்குத்தான் முதல் தடவையா வர்றாங்க, மக எழுதினதை வாசிக்கிறதைக் கேட்க. அந்த நேரம் பார்த்து இப்படி ஆயிடுச்சே."

அத்தை உதிர்ந்த சோப்பை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க வந்ததும் ஆளுக்கொரு சீட்டு கொடும்மா. போன வாரம் எழுதினதையே மறுபடி எழுதட்டும்."

10.30.

பதினெட்டுத் தலைகள் குனிந்து எழுதின. பாதிப் பேர் வாரம் முழுக்கப் பேசிப் பேசி, எது தங்கள் யோசனை என்பதையே மறந்திருந்தார்கள். பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் தலை நிமிராமல் எழுதி, நான்காக மடித்து, முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தாள். தச்சரின் மகள்.

அத்தை சமையலறையில் உட்கார்ந்து பிரித்தாள். பட்டம் விடலாம். தெருநாய்களைக் குளிப்பாட்டலாம். பொம்மலாட்டம் போடலாம். பாஸ்டரைக் கோல் கீப்பராக நிறுத்திப் பந்து அடிக்கலாம். ஒருநாள் முழுக்க யாரும் யாரையும் திட்டாமல் இருக்கலாம். சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.

'என் தம்பி தவறிப்போய்விட்டான். விடுமுறையில் நாம் எல்லோரும் சேர்ந்து அவனைத் தேடலாம்.'

அத்தை அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. சிறுமியைக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் சாறு கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"தம்பி தவறிட்டான்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"எல்லாரும்தான். சித்தி சொன்னாங்க. பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அப்பாகூட போன்ல சொன்னார், குழந்தை தவறிடுச்சுன்னு."

"அம்மா?"

"அம்மா பேசமாட்டாங்க." சிறுமி டம்ளரைப் பார்த்தாள். "அப்பாவுக்கு ஒரு ஆணி தவறினாக்கூட முட்டி போட்டுத் தேடுவார், அத்தை. தம்பிய மட்டும் யாருமே தேடல. நான் மட்டும்தான் தேடறேன். ஆஸ்பத்திரி கட்டிலுக்கு அடியிலகூடப் பார்த்தேன்."

விசாரணைக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"சீட்டுல என்ன எழுதினேன்னு வீட்ல சொன்னியா?"

"அப்பாகிட்ட மட்டும். வியாழக்கிழமை. நாங்க பதினெட்டுப் பேரும் தேடினா கிடைச்சுடுவான்லன்னு கேட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"சாப்பிட்டுக்கிட்டிருந்தார். பாதியில எழுந்து போயிட்டார்."

12.15.

தச்சரின் பட்டறை வீட்டின் பின்புறம். இழைப்புளியின் சத்தம் அத்தையைக் கண்டதும் நின்றது.

"பெட்டிய நீங்கதான் திறந்தீங்க," என்றாள் அத்தை. வேறு முன்னுரை இல்லை.

தச்சர் நெற்றியைத் துடைத்தார். "பூட்டு உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல. பின்பக்கம் கீலோட மேல் ஸ்க்ரூ நாலையும் கழட்டி, மூடியப் பின்னாலருந்து தூக்கியிருக்கீங்க. பூட்டத் தொடவே வேண்டியதில்ல. கோயில்பிள்ளைதான் எடுத்தார்னு பாஸ்டர் நினைக்கிறார். ஆனா கோயில்பிள்ளை முடுக்கின ஸ்க்ரூ எல்லாம் ஆளுக்கொரு திசையைப் பார்க்குது. திருட வந்தவன் அவசரத்துல அப்படித்தான் முடுக்கிட்டு ஓடுவான். இவனோ ஸ்க்ரூ வழுக்கிக்கிட்டு இறங்கணும்னு சோப்புத் தடவி, வெட்டு எல்லாத்தையும் ஒரே நேரா நிறுத்திட்டுப் போயிருக்கான். அப்படி முடுக்குற கை இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு."

தச்சர் தன் கைகளைப் பார்த்தார். "கோணலா விடணும்னுதான் நெனச்சேன். கை கேக்கலம்மா."

மேல்தட்டிலிருந்து ஆணி டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சீட்டுகள் கசங்காமல் இருந்தன.

"ஒண்ணை மட்டும் எடுத்திருக்கலாமே?"

"டீச்சர் எண்ணிப் பார்ப்பாங்க. ஒண்ணு குறைஞ்சா யாரோடதுன்னு கேட்பாங்க. எம் பொண்ணு எழுந்து நின்னு வாயாலயே சொல்லிடுவா, அவ அம்மா முன்னாடி. எல்லாமே போச்சுன்னா இந்த வருஷம் வேண்டாம்னு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் இறங்கியது. "கோயில்பிள்ளை தலையில விடியும்னு நெனக்கல. இப்பவே வந்து ஒத்துக்கறேன். ஆனா அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மூணு மாசமா அந்தப் பேச்சே எடுக்காம காப்பாத்திட்டு வர்றேன்."

"யாரைக் காப்பாத்துறீங்க?"

கேட்டது அத்தை இல்லை. தச்சரின் மனைவி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மகள் கிளப் முடிந்து வந்து அவள் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி டப்பாவை வாங்கினாள். மகளின் கையெழுத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். ஓவென்று அழுவாள் என்று தச்சர் பயந்தார். அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்தாள். மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தவறிட்டான்னா தொலைஞ்சுட்டான்னு இல்லடா கண்ணு. பெரியவங்களுக்குச் சொல்ல வாய் வராது, அதனால அப்படிச் சொல்வாங்க. தம்பி செத்துப்போயிட்டான். பிறந்த மறுநாளே."

சிறுமி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அப்ப யாரும் தொலைக்கலையா?"

"இல்ல."

"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரில கதவைத் திறந்து வச்சுட்டேன். அதனாலதான்னு..."

முடிக்கவில்லை. மூன்று மாதமாக அந்தப் பிஞ்சு எதைச் சுமந்தது என்று அப்போதுதான் பெரியவர்கள் மூவருக்கும் விளங்கியது.

"உன்னால இல்லடா. யாராலயும் இல்ல," என்றாள் அம்மா. பிறகு தலை நிமிர்ந்து கணவனைக் கேட்டாள்: "எங்க வச்சீங்க அவன?"

தச்சர் விழித்தார்.

"நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிறதுக்குள்ள அடக்கம் எல்லாம் முடிச்சுட்டீங்க. எந்த இடம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்க சொல்லல. நானும் கேட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு கேக்கல."

மாலை 4.00.

தச்சர் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னார். போதகர் நேராகக் கோயில்பிள்ளையின் அறைக்குப் போனார். சாவிக்கொத்து மேசைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் கட்டிய துணிமூட்டை. போதகர் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சுடுங்க" என்றார். கோயில்பிள்ளை வாங்கிக்கொண்டார். ஆனால் மூட்டையை அன்று அவிழ்க்கவில்லை.

4.40.

கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு அத்தை நின்றுகொண்டாள். தச்சரும் மனைவியும் மகளும் உள்ளே போனார்கள். தச்சர் முன்னால் நடந்தார். வழி தேட வேண்டியிருக்கவில்லை. கிழக்கு மதிலோரம், வேப்பமரத்துக்கு இரண்டடி தள்ளி, ஒரு முழ நீள மேடு. புல் பிடுங்கிச் சுத்தமாக இருந்தது. அவர் அடிக்கடி தனியாக வந்திருக்கிறார் என்பது மனைவிக்கு அதைப் பார்த்ததுமே புரிந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றாள் சிறுமி.

"அவனே அவ்வளவுதாம்மா இருந்தான்," என்றார் தச்சர்.

மனைவி மேட்டின் அருகே முழங்காலிட்டாள். உள்ளங்கையை மண்மேல் வைத்தாள். வயிற்றில் இருந்தபோதே அவனுக்கென்று ஒரு பெயர் வைத்திருந்தாள். பிறந்த பிறகு சொல்லலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர். குனிந்து, அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.

தச்சர் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.